ஆறரை சதவீதம்

மே 5, திங்கள்

விடியும்போதே அனல். கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். நாலரைக்குப் போன கரண்ட் ஏழுக்கு வந்தது. அதற்குள் செல்போன் வெளிச்சத்தில் இருபது கணக்கு. பதினான்கு சரி, ஆறு தப்பு. ஆறில் ஐந்து எடையிட்ட சராசரி. இனி எ.ச. என்றுதான் எழுதுவேன். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு அதற்கு மரியாதை கிடையாது.

மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். பதினேழு, சனி, சென்னை, மதியம் பன்னிரண்டு மணி.

தப்பிய கணக்கு இது. ஒரு வகுப்பில் பத்துப் பேர், சராசரி 80. இன்னொன்றில் நாற்பது பேர், சராசரி 60. சேர்த்தால்? 70 என்று எழுதியிருக்கிறேன். நாற்பது பேர் இருக்கும் பக்கம்தான் இழுக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். விடை 64. பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. வெட்கக்கேடு. புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். பல்லி ஓடியது.

சத்தம் கேட்டும் அம்மா எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி போர்டில் ஏப்ரல் மாத ரிஜெக்ட் பட்டியல் ஒட்டினேன். ஷூ மேல்பாகம் தைக்கும் லைனில் முப்பத்திரண்டு மெஷின். தையல் சரியில்லை என்று திரும்புவது மாதச் சராசரி ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் மெஷின் கிடையாது, பசை தடவும் பேஸ்டிங் டேபிளுக்குப் போக வேண்டும். பட்டியலில் கடைசிப் பெயர் எஸ்தர், மெஷின் 14, ஆறரை சதவீதம். எஸ்தர் என் அம்மா. பட்டியல் போட்டது, கையெழுத்துப் போட்டது, தரக்கட்டுப்பாடு பியூலா. நான்.

சனிக்கிழமையிலிருந்து அம்மா பேஸ்டிங் டேபிளில். சொல்யூஷன் டப்பா, தின்னர், துணி. நாளெல்லாம் அந்த நெடி. இரவு இருமல்.

பஸ்ஸில் பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"பெத்தவளயே போர்டுல ஏத்திச்சே, அது பொண்ணா இன்னா?"

திரும்பிப் பார்க்கவில்லை. சொந்தக்காரி என்று ஒரு புள்ளி குறைத்துப் போட்டிருந்தால் இதே வாய்கள்தான் என்னைக் கிழித்திருக்கும். கணக்கு கணக்குதான். அம்மாவுக்கு அது புரிய வேண்டாமா? ஒரு வார்த்தை திட்டியாவது தொலைக்கலாம். அதுவும் இல்லை. சாம்பார் ஊற்றுகிறாள், போய்விடுகிறாள்.

வாங்க வேண்டியவை: பென்சில், ரப்பர், ஓமம் (அம்மாவுக்கு).

மே 6, செவ்வாய்

கேன்டீனில் நஸ்ரீன். டெஸ்பாட்சில் கிளார்க், பிளஸ் டூவிலிருந்து தோஸ்த். அவள் தேர்வு எழுதவில்லை, ஆனால் எனக்குத் திருத்திக் கொடுக்கிறாள், விடைப் பக்கத்தைக் கிழித்துத் தன் பையில் வைத்திருக்கிறாள், நான் பார்த்துவிடுவேனாம். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இன்று பத்து. எட்டு சரி. தப்பிய இரண்டும் எ.ச. போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40. சராசரி 50 என்று போட்டேன். 48. மெதுவாக வந்த பாதியில்தான் நேரம் ஜாஸ்தி, அதனால் அதற்குத்தான் எடை ஜாஸ்தி. தெரியும். தெரிந்துதான் தொலைக்கிறது. கை எழுதிவிடுகிறது.

நஸ்ரீன் தோலை வைத்துச் சொன்னாள். ஒரு லாட் தொள்ளாயிரம் அடி, நாலு சதவீதம் வேஸ்ட். இன்னொரு லாட் வெறும் நூறு அடி, பதினாலு சதவீதம் வேஸ்ட். நாலும் பதினாலும் கூட்டி ஒன்பது என்று பில் போட்டால் முதலாளி செருப்பால் அடிப்பார். ஆயிரம் அடியில் போனது ஐம்பது அடி. ஐந்து சதவீதம்.

புரிந்தது என்றேன். கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை, அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் போல.

அம்மா மதியம் தூரத்து மேஜையில் லட்சுமி அக்காவோடு சாப்பிட்டாள். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற அக்கா. டிசம்பரிலிருந்து பேஸ்டிங் டேபிளில்தான் இருக்கிறாள். நான் அனுப்பியதுதான்.

மே 7, புதன்

அம்மா அரை நாள் லீவு. எங்கே என்று கேட்டேன். "வேலையிருக்கு." அவ்வளவுதான். பதினொன்றரைக்குப் போனவள் நான் வீடு வருவதற்குச் சற்று முன்தான் வந்திருக்கிறாள். வேலூர் போய் வந்த பஸ் டிக்கெட் குப்பைக் கூடையில் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன், ஆமாம், பார்த்தேன். சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாள்?

பேஜாராக இருக்கிறது. எட்டு கணக்கு. எழுதப் பிடிக்கவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் (பு.மே.) சிபாரிசுக் கடிதம் ஞாபகப்படுத்தினேன். மேல்படிப்பு விண்ணப்பத்தில் வேலை செய்த இடத்துக் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். கடைசித் தேதி பதினெட்டு. "ஆகட்டும்மா, பாக்கலாம்." மூன்று வாரமாகப் பார்க்கிறார்.

மே 8, வியாழன்

மாதிரித் தேர்வு, முழு நீளம், மதிய இடைவேளையும் ஒரு மணி நேரப் பர்மிஷனும் சேர்த்து டெஸ்பாட்ச் ரூமில். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், ஃபேன் இல்லாமல். நஸ்ரீன் வாசலில் காவல்.

மற்றதெல்லாம் பிரமாதம். எ.ச. நான்கு வந்தது, நான்கும் தப்பு.

நஸ்ரீன் இந்த முறை சிரிக்கவில்லை. பேப்பரை இரண்டு தடவை புரட்டினாள்.

"மத்ததெல்லாம் கரெக்ட்டா போடற. ரெண்டு சதவீதத்த பாத்தா மட்டும் ஒடனே கூட்டி ரெண்டால வகுக்கற. யோசிக்கறதே இல்ல. எங்க கத்துக்கின இத?"

எங்கேயும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இதைத்தான் செய்கிறேன். பதினொரு மாதமாக. தினப் பரிசோதனைச் சீட்டிலிருந்து ஒவ்வொருவருடைய சதவீதத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். ஷீட்டில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்தில் சதவீதம் மட்டும். எத்தனை ஜோடி என்பதற்குக் கட்டமே கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப் போன ஷீட். மாதக் கடைசியில் கட்டங்களைக் கூட்டி நாட்களால் வகுக்கும். ஒரு பட்டன்.

நூற்றைம்பது ஜோடி தைத்த நாளும் ஒரு கட்டம். பத்து ஜோடி தைத்த நாளும் ஒரு கட்டம்.

பத்து ஜோடி தைக்கிற நாள் யாருக்கு வரும்? சாம்பிள் தைக்கிறவர்களுக்கு. புது மாடல், கஷ்டமான வளைவு, யாரும் இதற்குமுன் தைத்தறியாதது. இரண்டு ஜோடியாவது கெடாமல் வராது. அதனால்தான் சாம்பிளைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. லைனிலேயே நல்ல கைக்குத்தான் கொடுப்பார்கள்.

நாளைக்குச் சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறேன். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மே 9, வெள்ளி

தப்பில்லை.

ஏப்ரல் சீட்டுக் கட்டு, ஸ்டோர் ரூம் இரும்பு அலமாரி, மூன்றாவது தட்டு. தும்மித் தும்மி எடுத்தேன். அம்மாவுடையது மட்டும்:

சாதா நாள் 18. நாளுக்கு 150 ஜோடி. மொத்தம் 2700. ரிஜெக்ட் 54. இரண்டு சதவீதம்.
சாம்பிள் நாள் 6. நாளுக்கு 10 ஜோடி. மொத்தம் 60. ரிஜெக்ட் 12. இருபது சதவீதம்.

நான் போட்டது: பதினெட்டு இரண்டு 36, ஆறு இருபது 120, மொத்தம் 156, இருபத்துநாலால் வகுத்தால் 6.5.

போட்டிருக்க வேண்டியது: 2760 ஜோடியில் 66. 2.39.

நாலு தடவை போட்டேன். ஃபோனில் ஒரு தடவை. 2.39.

அறுபது ஜோடி, இரண்டாயிரத்து எழுநூறு ஜோடியை விழுங்கிவிட்டது. விழுங்க விட்டது நான். அந்த லைனில் சாம்பிளே தொடாத கனகா அக்கா 2.8, பட்டியலில் முதல் பெயர், கேன்டீனில் அவளுக்குக் கை தட்டினார்கள். அம்மா அவளைவிட மேல். முப்பத்திரண்டு பேருக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மாதான் முதல்.

முதல் ஆளைக் கடைசி ஆள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தேன்.

மே 10, சனி

மற்ற மாதங்களும் பார்த்தேன். லட்சுமி அக்கா, நவம்பர். அவளும் சாம்பிள் தைத்தவள். போர்டில் 5.8. உண்மையில் 2.6. டிசம்பரிலிருந்து தின்னரில் கை வைத்திருக்கிறாள். விரல் நுனியில் தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும், இனியாவது கவனமாகத் தைப்பாள் என்று நினைத்தேன். என்னை என்ன சொல்வது.

பு.மே. சென்னையில். திங்கள்தான் வருவார்.

யார்மேல் கோபப்படுவது என்று ஒரு பட்டியல் போடலாம் போலிருக்கிறது. ஷீட்டை விட்டுப் போனவர்மேல். சாம்பிளையும் கொடுத்து, சாம்பிளில் கெட்டதையும் கணக்கில் சேர்க்கச் சொன்ன பு.மே. மேல். பதினொரு மாதத்தில் ஒருநாள்கூட ஏன் என்று கேட்காத முப்பத்திரண்டு பேர்மேல். எல்லாரையும் திட்டிப் பார்த்தாயிற்று, ஆறவில்லை. மற்றவர்கள் கணக்குப் படிக்காதவர்கள். நான் படித்தவள். மேலே போய் இன்னும் படிக்கப் போகிறேனாம்.

இன்று கணக்கு எதுவும் போடவில்லை.

மே 11, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். அம்மா முன் வரிசை, நான் ஃபேனுக்கு அடியில். பிரசங்கம் காதில் விழவில்லை.

வந்ததும் ஓமம் தேடி அம்மாவின் பையைத் திறந்தேன். ஓமம் இல்லை. கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, புதன்கிழமை தேதி. சொட்டு மருந்து. புதுக் கண்ணாடி, கூட்டோடு.

கேட்டேன். முதலில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டேன், சத்தமாக. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு தெக்கறது நல்லாத்தான் இருந்தது. ஆனா நீ ஆறரைன்னு போட்டிருக்கியே. நீ கணக்கு படிச்ச பொண்ணு. அப்ப எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு போய் காமிச்சேன்."

டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றாராம். படிக்க மட்டும் சின்னதாக ஒரு பவர். அம்மா நம்பவில்லை. சரியாகப் பாருங்கள் என்று இன்னொரு தடவை உட்கார்ந்தாளாம். கண் இல்லையென்றால் கை நடுங்குகிறதோ என்று வீட்டில் நான் இல்லாத நேரம் ஊசியில் நூல் கோத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கோத்திருக்கிறது. அதையும் நம்பவில்லை. என் ஆறரையைத்தான் நம்பியிருக்கிறாள்.

இத்தனை நாள் பேசாமல் இருந்தது என்மேல் கோபத்தில் இல்லையாம். பொண்ணு வேலை பார்க்கிற இடத்தில் அவமானம் தேடி வைத்துவிட்டோமே என்ற கூச்சமாம்.

நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் முதலில் கத்தினேன். என்னிடம் கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சீட்டை அன்றைக்கே பார்த்திருப்பேனே என்று அவளைத்தான் திட்டினேன். தப்பு செய்தவள் நான், திட்டு வாங்கியவள் அவள். அப்புறம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். 2760, 66.

அம்மா கீரையை ஓரமாக வைத்துவிட்டுப் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். நிறைய நேரம்.

"அப்ப என் கண்ணு?"

நல்லாத்தான் இருக்கு என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று தெரியாது. அவள் பின்னால் போக எனக்குத் தைரியம் இல்லை. கீரையை நான்தான் ஆய்ந்தேன்.

மே 12, திங்கள்

பு.மே. அறை. ஏ.சி. குளிர், வெளியே நூற்றுச் சொச்சம் டிகிரி. பேப்பரை வைத்தேன். புரியவைக்க ஐந்து நிமிடம் ஆகும் என்று நினைத்தேன். அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். அதுதான் எரிச்சல். இவ்வளவு சுலபமாகப் புரிகிற விஷயம்.

ஏப்ரல் பட்டியல் சரக்கு வாங்குகிற பையருக்குப் போய்விட்டதாம். திருத்தினால் பதினொரு மாதத்தையும் கேட்பார்களாம். பட்டியலில் என் கையெழுத்துதான் இருக்கிறதாம், அவருடையது இல்லையாம். இதைச் சொல்லும்போது டீ குடித்தார்.

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். அம்மாவை அடுத்த திங்கள் சத்தமில்லாமல் மெஷினுக்கு அனுப்பிவிடுகிறேன். உன் சிபாரிசுக் கடிதமும் இந்த வாரமே. நீ இந்தப் பேப்பரை மறந்துவிடு. ஜூனிலிருந்து ஷீட்டை மாற்றிக்கொள்.

"எல்லாருக்கும் நல்லதுதானே பியூலா, இன்னா சொல்ற?"

லட்சுமி அக்கா என்றேன். அது பழைய கதை என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேனே, அதை எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. கடிதம் என்றதும் அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மே 13, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். பு.மே. சொன்னதை ஒரு வார்த்தை விடாமல். சந்தோஷப்படுவாள் என்று பாதி மனசில் ஆசை. அப்படியென்றால் எனக்கும் சுலபம்.

அம்மா இட்லிப் பானையை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"சத்தமில்லாம எதுக்குப் போவணும்? திருடினா வந்தேன்? போர்டுல ஒட்டித்தானே என்ன எறக்கினீங்க. அதே போர்டுல ஒட்டி ஏத்துங்க. லட்சுமிக்கும் சேத்து."

இறக்கினீங்க என்றாள். நீங்க. என்னையும் கம்பெனியோடு சேர்த்துவிட்டாள். சரிதான், சேர்க்க வேண்டியதுதான்.

கடிதம் போய்விடும் என்றேன். உன் இஷ்டம் என்றாள். உன் இஷ்டம் என்று சொல்கிறவர்களைப் போல உலகத்தில் யாராலும் கட்டாயப்படுத்த முடியாது.

கணக்கு: 15. எ.ச. 6. ஆறும் சரி. இப்போது சரியாக வந்து என்ன பிரயோஜனம்.

மே 14, புதன்

ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்தேன். ஃபோட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

பட்டியல் தட்டச்சு செய்து பையில் வைத்திருக்கிறேன். காலை ஒட்டவில்லை. மதியம் ஒட்டவில்லை. சாயங்காலம் போர்டுவரை போய், தண்ணீர் கேன் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோழை.

லட்சுமி அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டேன், பஸ் கிளம்பும் முன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா தன் உரிந்த விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். அப்புறம் பஸ் ஏறிவிட்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

நஸ்ரீனுக்கு ஃபோன். நாளைக்கு ஒட்டுகிறேன் என்றேன். டேப் அவளிடம் இருக்கிறதாம், நல்ல அகல டேப், கிழிக்கக் கஷ்டமாம்.

மே 15, வியாழன்

ஏழே முக்காலுக்கு ஒட்டினேன். வருகை பதியும் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில், பழைய பட்டியலுக்கு மேலேயே. இரண்டு பெயர். போட்டது எவ்வளவு, சரியானது எவ்வளவு, எத்தனை ஜோடி, எப்படிக் கணக்கு. கீழே: "தவறு என்னுடையது. பியூலா, தரக்கட்டுப்பாடு."

எட்டு மணி ஷிஃப்ட் உள்ளே வந்தது. முதலில் யாரும் நிற்கவில்லை. அப்புறம் ஒருத்தி நின்றாள். அப்புறம் வழியே அடைந்துவிட்டது. கனகா அக்கா சத்தமாகப் படித்தாள், தன்னுடைய முதலிடம் போனதையும் சேர்த்து. நல்ல மனுஷி. அவளைப் பற்றி இந்த நோட்டில் முன்னால் எழுதிய தொனிக்கு வெட்கப்படுகிறேன்.

ஒன்பதே காலுக்குப் பு.மே. கிழித்தார். டேப் உடனே வரவில்லை, மூலையில் நின்று நகத்தால் சுரண்டினார். அதற்குள் பாதி லைன் ஃபோட்டோ எடுத்தாயிற்று.

என்னைக் கூப்பிட்டார். அனுமதியில்லாமல் போர்டில் ஒட்டியதற்கு மெமோ. கடிதம் கிடையாது. "உனக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சேன் பாரு." நினைத்தாராம். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வெளியே வந்தபோது டைப்பிங் செய்யும் அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

அம்மா இன்னும் பேஸ்டிங் டேபிளில்தான். லட்சுமி அக்காவும். ஆக, கடிதமும் போச்சு, மெஷினும் வரவில்லை. என்னத்தைக் கிழித்தேன்?

ஒரு வருஷம் போய்விட்டது. சனிக்கிழமை போய் எழுதி மட்டும் என்ன. எழுதுவேன். எழுதாமல் விட்டால் அவர் சந்தோஷப்படுவார்.

மே 16, வெள்ளி

மேகம், மழை இல்லை, புழுக்கம். நாளை விடிகாலை ரயில். எடுத்து வைக்க வேண்டியவை: ஹால் டிக்கெட், அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை.

காலையில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

திங்கள்கிழமை பையர் வருகிறார். புது மாடல் சாம்பிள் பன்னிரண்டு ஜோடி. அம்மா இறங்கியதிலிருந்து சாம்பிள் கனகா அக்காவிடம். நேற்று அவள் பத்து தைத்தாள், ஐந்து கெட்டது. எனக்கு வராது சார், எஸ்தர் அக்காவைக் கூப்பிடுங்கள் என்று மேல்பாகத்தை மேஜையில் வைத்துவிட்டாள். பத்தரைக்குப் பு.மே. தானே பேஸ்டிங் டேபிளுக்கு நடந்து போனார். நான் என் பரிசோதனை மேஜையில், இருபது அடி தள்ளி.

அம்மா எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் 14-க்கு வந்தாள். உட்கார்ந்தாள். ஸ்டூலைச் சரிசெய்தாள். நூல் கோத்தாள், ஒரே தடவையில். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

பு.மே. ஆரம்பிக்கச் சொன்னார். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றதால்தான் எனக்குக் கேட்டது.

"நேத்து கிழிச்ச பேப்பர மறுபடி ஒட்டுங்க சார். லட்சுமிய மெஷின்ல ஒக்கார வையுங்க. எம் பொண்ணுக்கு லெட்டர் தர்றேன்னு நீங்கதான் சொன்னீங்களாம், அதுல கையெழுத்து போடுங்க. மூணும் ஆனா பொழுதுக்குள்ள பன்னண்டு ஜோடியும் தெச்சு தர்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பு.மே. மேல் இல்லை, அம்மாமேல். இப்போதுதான் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே அனுப்பிவிட்டால்? யார் கேட்டார்கள் கடிதத்தை? போய் இழுத்து வரலாமா என்று பார்த்தேன்.

பு.மே. ஃபோனில் பேசினார். யாரோடோ. நடந்துகொண்டே பேசினார். திரும்பி வந்தார். அம்மா அப்படியே இருந்தாள். முப்பத்திரண்டு மெஷினும் நின்றிருந்தது. அந்த ஹாலில் ஃபேன் சத்தத்தை இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன்.

பதினொன்றரைக்குப் பட்டியல் போர்டில். கம்பெனி லெட்டர்பேடில், "திருத்தம்" என்று தலைப்புப் போட்டு. லட்சுமி அக்கா மெஷின் 9. அவளுக்கு முதல் கால் மணி நேரம் கால் மிதிக்கப் பழகவில்லை, அஞ்சு மாசம் ஆச்சு என்று தானே சொல்லிக்கொண்டாள். மதியம் இரண்டுக்கு நஸ்ரீன் ஓடி வந்து கவரைக் கையில் திணித்தாள்.

பன்னிரண்டு ஜோடியும் நான்தான் பரிசோதித்தேன். ஒன்று ரிஜெக்ட். இடது கால், வளைவில் ஒரு தையல் தாண்டியிருந்தது. சீட்டில் எழுதினேன். 12 ஜோடி, 1. இரண்டு எண்ணையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். இங்கிலீஷில் எட்டு வரி. என் தகுதிக்குக் கிடைத்த கடிதம் இல்லை, அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்குக் கிடைத்தது. கோபத்தில் மேஜையில் போட்டேன். அம்மா எடுத்துக் கொடுத்து, படித்துச் சொல் என்றாள். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நேரம் தவறாதவர். பொறுப்பானவர். ஆறாவது வரியில் நின்றுவிட்டேன்.

"இன்னாடி போட்டிருக்காரு?"

"கணக்குல தப்பே பண்ணாத பொண்ணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இன்னும் நிறுத்தவில்லை. இங்கே ஒருத்தி நாளைக்குப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்கிற நினைப்பே இல்லை.